ரோஸ்மேரிக்குத் தண்ணீர் தெளித்தவள்

"மாமா, உங்க தலைக்கு யாரு தண்ணி ஊத்துறாங்க?" என்று மாடி வீட்டுச் சின்னப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டாள். கேட்கப்பட்டவர் தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரர். அவருடைய வழுக்கைத் தலையில் அப்போது நான்கு மாதமாக ஒரு ரோஸ்மேரிச் செடி வளர்ந்துகொண்டிருந்தது. சாண் உயரம், ஊசி ஊசியான இலைகள், மேலே கரும்பச்சை, அடியில் வெளுப்பு, வலது காதுப் பக்கம் இரண்டு நீலப்பூ. தெருவில் அதை முதலில் பார்த்தவள் அந்தக் குழந்தைதான். பெரியவர்கள் பிறகு வந்து இது தொற்றுமா, பரம்பரையில் யாருக்காவது உண்டா, தூங்கும்போது குத்தாதா என்றெல்லாம் கேட்டார்கள். தண்ணீரைப் பற்றி வேறு யாருமே கேட்கவில்லை. அவர் சொன்ன பதிலை ஜன்னலுக்கு உள்ளே நின்று அவருடைய மனைவி கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் அன்று மதியத்தோடு முடிந்திருக்கும். படிக்கட்டில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய துணிமூட்டை கட்டித் தயாராக இருந்தது.

மனைவி அந்தத் தெருவின் இஸ்திரிக்காரம்மா. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலையொட்டி நீள மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, ஓரத்தில் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். துணியில் தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, ஈரம் பரவியபின் தேய்ப்பாள். சூடான பெட்டி பட்டால்தான் துணி உண்மையைப் பேசும் என்பது அவள் கொள்கை. முழங்கைச் சுருக்கத்தை வைத்தே ஒருவர் அலுவலகத்தில் வேலை பார்த்தாரா, மேஜையில் சாய்ந்து தூங்கினாரா என்று சொல்லிவிடுவாள். கேட்டால்தான் சொல்வாள் என்றில்லை, கேட்காமலும் சொல்வாள். அவளுடைய சந்தேகமும் இஸ்திரிப் பெட்டியைப் போலத்தான்; ஆறுவதற்குள் மறுபடி சூடாகிவிடும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. அவளுக்குப் பதினொரு வயதில், அவளே தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் வாங்கப் போன அவளுடைய அப்பா திரும்பி வரவில்லை. அந்தச் சட்டையில் அதற்கு முந்தின வாரம் வேறு ஒரு வாசனை வந்தது. குழந்தை என்பதால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வாசனையையும் அவள் சும்மா விட்டதில்லை.

மூன்று வருடமாக அவளுக்கு இடது நெற்றிப் பொட்டில் தலைவலி. பெட்டியின் சூடும் ஆவியும் சேர்ந்து, மாலை நாலு மணிக்கு ஆணி இறக்கியதுபோல் இறங்கும். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். பெயரைப் படித்துவிட்டுக் குப்பையில் போட்டாள். பால்பூத் அக்கா தைலம் கொடுத்தாள். மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள். "சும்மா கொடுக்கிறவங்க சும்மா கொடுக்க மாட்டாங்க" என்பாள். கடவுள் உதவி அனுப்ப நினைத்தால் அதை யார் கையிலாவதுதான் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. கொண்டு வருகிறவர் முகத்தைப் பார்த்து நாம் கதவைச் சாத்திவிட்டால் பாவம், அவரும் என்ன செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கணவருடைய சட்டைக் காலரில் பெட்டி பட்டதும் புது வாசனை எழுந்தது. கற்பூரமும் மரப்பட்டையும் சேர்ந்த மாதிரி, முடிவில் கொஞ்சம் எலுமிச்சை. கேன்டீன் வாசனைகள் அவளுக்கு மனப்பாடம். வெங்காயம், கருகிய பால், மீன் இருந்த வெள்ளிக்கிழமை எல்லாம் தெரியும். இது அந்தப் பட்டியலில் இல்லை. சட்டைப் பையில் கைவிட்டாள். நாலாக மடித்த சீட்டு, அவர் கையெழுத்து: 'ரோஸ்மேரி. வியாழன் நாலு மணி. அவளுக்குத் தெரியக் கூடாது.'

ரோஸ்மேரி என்ற பெயரில் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒருத்தி படித்திருந்தாள். நல்ல நிறம், சுருட்டை முடி, கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆகவே அது என்ன, யார், என்று அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்று அவர் வீட்டுக்குள்ளும் சமையல் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?"

"குளிருதும்மா."

"போன வாரம் வெயில்னு சொன்னீங்க."

"அது போன வாரம்."

அவருக்குப் பொய் சொல்ல வராது. வராததைச் செய்கிற மனிதனைவிடச் சந்தேகத்துக்குரிய மனிதன் உலகத்தில் இல்லை. அதன்பின் அவர் தொப்பியோடு சாப்பிட்டார், தொப்பியோடு தூங்கினார், ஒருமுறை தொப்பியோடு குளித்துவிட்டும் வந்தார்.

சில நாளில் நிலைமை இன்னும் மோசமானது. அச்சகத்துக்காரரின் சட்டையில் பெட்டியை வைத்தாள், அதே வாசனை எழுந்தது. பிறகு தபால்காரர். பிறகு பல் டாக்டர். மாதம் முடிவதற்குள் பதினொரு வீட்டு ஆண்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பைஜாமாவிலிருந்தும் ரோஸ்மேரி எழுந்து வந்தபோது, "அடப்பாவி மனுஷா, இந்த வயசுலயா?" என்று அவள் பைஜாமாவைப் பார்த்தே கேட்டாள். பெண்களின் துணியிலும் அந்த வாசனை இருந்தது. புருஷன் துணியோடு ஒரே மூட்டையில் கிடந்ததால் ஒட்டியது என்று அதற்கும் தீர்ப்பு எழுதினாள். சந்தேகப்படுகிறவருக்கு விளக்கத்துக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. இதற்கிடையில் அவளுடைய தலைவலி போய்விட்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லாமல் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னால் போனாள். அவர் கேன்டீன் பின்வாசல் வழியாக வந்து, இரண்டு தெரு தாண்டி, முனையில் இருக்கும் செடிக்கடைக்குள் நுழைந்தார். செடிக்காரம்மா தனியாக வாழ்கிறவள். ஐம்பது வயது இருக்கும். முற்றம் முழுக்கத் தொட்டிகள். கேன்டீனுக்குப் புதினாவும், கொத்தமல்லி மாதிரி இருக்கும் வோக்கோசும் அங்கிருந்துதான் போகும். வேலி இடுக்கு வழியாக இஸ்திரிக்காரம்மா பார்த்தாள். அவர் முக்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தொங்கிய பூந்தொட்டிகள் தலையை மறைத்தன. தொப்பி மடியில் இருந்தது. செடிக்காரம்மாவின் விரல்கள் அந்தத் தலை இருக்க வேண்டிய இடத்தில் மெதுவாக அளைந்துகொண்டிருந்தன. அதற்குமேல் பார்க்க அவளுக்குக் கண் இல்லை. வீட்டுக்கு வந்து, ஆறு சட்டையை ஒரு சுருக்கமும் இல்லாமல் தேய்த்து முடித்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நேராகச் செடிக்கடைக்குப் போனாள். நடந்த பேச்சை அவள் பல வருடம் கழித்து வார்த்தை மாறாமல் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரருக்கும் ரோஸ்மேரிக்கும் எத்தனை நாளா?"

செடிக்காரம்மா கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா? நல்லதாப் போச்சு. மூணு மாசம் ஆகப் போகுதும்மா. முதல்ல ரொம்ப வெக்கப்பட்டாரு. நான்தான், வாரத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னேன்."

"வெக்கமில்லாம சொல்றீங்களே!"

"இதுல என்னம்மா வெக்கம்? நானும் இப்படி எங்கயும் பாத்ததில்ல. ஆனா அவருக்கு நல்லா ஒத்துப்போச்சு. வேர் பிடிச்சிடுச்சு. இனிமே பிரிக்கக் கூடாது. பிரிச்சா ரெண்டு உயிருக்கும் ஆகாது."

"அப்போ நான்?"

"உங்களுக்காகத்தானேம்மா எல்லாமே," என்றாள் செடிக்காரம்மா, ஆச்சரியத்தோடு.

இதற்குமேல் ஒரு மனைவி என்ன கேட்க முடியும்? இஸ்திரிக்காரம்மா திரும்பி நடந்தாள். வழியில் பால்பூத்தில் நின்றாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். செடிக்காரி பெயர் ரோஸ்மேரி. பதினொரு வீட்டுச் சட்டை அதற்குச் சாட்சி.

"இப்ப நீ என்ன பண்ணப் போற?" என்றாள் பால்பூத் அக்கா.

"என்ன பண்றது? அவரை எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு," என்றாள் இஸ்திரிக்காரம்மா. தான் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலைக்குள் செய்தி தெருவைச் சுற்றி வந்து, அவளிடமே புதுச் செய்தியாகச் சொல்லப்பட்டது. பெண்கள் செடி வாங்குவதை நிறுத்தினார்கள். ஆண்கள், எந்தத் தப்பும் செய்யாதவர்கள், தப்பு செய்தவர்களைப் போல அந்த முனையைத் தவிர்த்து நடந்தார்கள்; அதுவே அவர்களுக்கு எதிராகப் போனது. சிலர் வேண்டுமென்றே வேலியருகே நின்று, "ரோஸ்மேரி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். செடிக்காரம்மா வெள்ளந்தியாக, "நல்லாத் தழைச்சிருக்கு. வெயில் படணும், கால்ல ஈரம் நிக்கக் கூடாது, அவ்வளவுதான். எத்தனை வேணும்?" என்பாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். முதல் வாரம் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது வாரம் புரிந்தது. அதன்பின் அவள் வேலியருகே வரவில்லை. சமையல்காரருடைய வியாழக்கிழமையை மட்டும் நிறுத்தவில்லை. நுனி கிள்ளாவிட்டால் செடி நெட்டையாக வளர்ந்து அவருக்குக் கழுத்து வலிக்கும் என்பதால்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இஸ்திரிக்காரம்மா கணவருடைய துணிகளை மூட்டை கட்டினாள். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தேய்த்து மடித்தாள். கோபம் வேறு, தொழில் வேறு. மூட்டையை வெளிப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு நேர் கீழே, தினமும் அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற அதே படியில், மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி யாரிடம் மறைக்க என்று தொப்பியைக் கழற்றி மூட்டைமேல் வைத்தார். மாடிவீட்டுக் குழந்தை பந்தைத் தேடி இறங்கி வந்து, அவர் தலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க அத்தைதான்," என்றார் அவர். "தினம் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சதும் பாட்டில்ல மிச்சம் இருக்கிற தண்ணிய ஜன்னல் வழியா உதறுவா இல்ல? அப்ப நான் தொப்பிய எடுத்துட்டு இங்க உக்காந்துக்குவேன். அவ கீழ பாக்கறதில்ல. நாலு சொட்டு விழும். இதுக்கு அது போதும், நிறைய ஊத்தினா அழுகிடும்."

"எதுக்கு மாமா தலையில செடி வெச்சீங்க?"

"நான் எங்க வெச்சேன்? அத்தைக்குத் தலைவலின்னு செடிக்காரம்மாகிட்ட சொன்னேன். ரோஸ்மேரிய எண்ணெயில காய்ச்சி நெத்தியில தடவலாம், தண்ணியில கொதிக்கவெச்சு அந்த ஆவி மூக்குக்குப் போனாலும் நல்லதுன்னாங்க. நான் ருசி பாக்காத எதையும் யாருக்கும் பரிமாறினதில்ல, கண்ணு. அதான் முதல்ல என் தலையில தடவிப் பாத்தேன். ஒன்பதாம் நாள் முளைச்சிடுச்சு. எண்ணெய் அத்தைக்கு வேணாம்னு பயந்துட்டேன். கிள்ளின நுனிய மட்டும் கேன்டீன்ல கொதிக்கவெச்சு, அவ பாட்டில்ல ஊத்தி வெச்சேன். காலைல பாட்டில் நிரப்புறது எப்பவும் என் வேலைதானே."

"அத்தைகிட்டயே கொடுத்திருக்கலாம்ல?"

"யார் கொடுத்தா, ஏன் கொடுத்தான்னு கேப்பா."

"அத்தைக்குத் தலைவலி போயிடுச்சா?"

"தெரியலையே. கேக்க பயமா இருக்கு."

ஜன்னலுக்கு உள்ளே இஸ்திரிக்காரம்மா இடது நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை. எப்போது போனது என்று நினைவுக்குக் கொண்டுவரவும் முடியவில்லை. மேஜை ஓரத்துப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாட்டிலை அவள் ஒருமுறையும் முகர்ந்து பார்த்ததில்லை. கற்பூரம், மரப்பட்டை, கொஞ்சம் எலுமிச்சை. பதினொரு வீட்டுச் சட்டைகளிலும் அவளே தன் கையால் ரோஸ்மேரியைத் தெளித்து, அவளே தேய்த்து எழுப்பி, அவளே குற்றம் சாட்டியிருந்தாள். அச்சகத்துக்காரர், தபால்காரர், பல் டாக்டர், தலைமையாசிரியரின் பைஜாமா என்று ஒரு தெருவையே அந்த ஒரு நிமிடத்தில் விடுதலை செய்தாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

"மூட்டைய உள்ள எடுத்துட்டு வாங்க," என்றாள். "வெயில்ல கெடந்தா துணி வெளுத்துடும்."

அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அத்துடன் தொப்பிக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கேன்டீன் சமையல் பெயர் வாங்கியது. அவர் அடுப்புக்கு முன் நின்று, கையை மேலே தூக்கி ஒரு கிளையை ஒடித்து, நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஒரு உருவு உருவுவார். இலை மொத்தமும் சட்டியில் விழும். உருளைக்கிழங்கைத் தோலோடு வறுக்கும்போது, எலும்பு சூப் கொதி அடங்கும்போது, ரொட்டி மாவு இரண்டாம் முறை உப்பும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு வைத்திருந்தார். பச்சை இலை மூன்று பங்கு போடுகிற இடத்தில் காய்ந்தது ஒரு பங்கு போதும், மிஞ்சினால் கசக்கும் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மற்ற கேன்டீன்களில் சமையல்காரர் தலையிலிருந்து ஏதாவது விழுந்தால் சண்டை வரும். இங்கே இன்னொரு கரண்டி கேட்டார்கள். சுகாதார அதிகாரி வந்து சுற்றிப் பார்த்து, தலையுறை அணியவில்லை என்று முதலில் எழுதினார்; சூப் குடித்தபின் அதை அடித்துவிட்டு, மூலிகை புதிதாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சைக் காலத்தில் ஞாபகசக்திக்கு என்று தாய்மார்கள் ஒவ்வொரு கிளை கேட்டு வந்தார்கள். அவர் குனிந்து கொடுத்தார். படிக்காத பிள்ளைக்கு அது உதவியதாகத் தகவல் இல்லை.

செடிக்காரம்மா விஷயம் அத்தனை எளிதாக முடியவில்லை. பால்பூத்தில் போய் உண்மையைச் சொன்னாள் இஸ்திரிக்காரம்மா. பால்பூத் அக்கா, "பாவம், குடும்பத்தைக் காப்பாத்திக்க இப்படிச் சொல்ற. சொல்லிக்கோ," என்று கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். பொய்யை ஒரு வாயால் அனுப்பிவிடலாம். திருப்பிக் கூப்பிட ஊரில் உள்ள வாயெல்லாம் வேண்டும். அந்த வாரம் தேய்த்துப் போன ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு ரோஸ்மேரிக் கிளை இருந்தது, நூலில் கட்டிய சீட்டோடு. 'ரோஸ்மேரி என்பது ஒரு செடி' என்று முதல் வரி. முதலில் அந்த வரி இல்லாமல் எழுதி, யோசித்து, கிழித்துப் போட்டுவிட்டு எழுதியது அது. அதன்கீழ், 'உருளைக்கிழங்குக்கு. சூப்புக்கு. தலைவலிக்கு முகரலாம். முனைச் செடிக்கடையில் நல்லதாகக் கிடைக்கும்.' யார் வைத்தது என்று வந்து கேட்டவர்களிடம், "பையில இருக்கிறத நான் எடுக்கறதும் இல்ல, வெக்கறதும் இல்ல. அது தொழில் தர்மம்," என்றாள். ஒரு வாரம் சந்தேகத்தோடு முகர்ந்தார்கள். இரண்டாவது வாரம் உருளைக்கிழங்கில் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தி வெட்கத்தோடு வேலியருகே போய் நின்றாள். பிறகு நாலைந்து பேர்.

மன்னிப்புக் கேட்க இஸ்திரிக்காரம்மாவும் ஒருநாள் போனாள். வாயைத் திறப்பதற்குள் செடிக்காரம்மா ஒரு கோப்பையை நீட்டினாள். வெந்நீரில் இரண்டு கிளை போட்டு மூடிவைத்தது. "ஆறிடும், குடிங்க," என்றாள். "வயித்துக்கும் நல்லது. தலை எப்படி இருக்கு?" அதற்குப் பதில் சொல்லிக் குடித்து முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. வந்த காரியம் சொல்லப்படாமலே நின்றுபோனது. அடுத்தமுறையும் அப்படியே. நல்ல மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமான வேலையில்லை. அவர்கள் இடம் கொடுக்க மாட்டார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஒவ்வொரு முறையும் கடனோடு வீட்டுக்கு வந்தாள்.

ஆறு வருடம் கழித்து, கொதிக்கிற கோடையில், செடிக்காரம்மா கண் ஆபரேஷனுக்காகத் தங்கை ஊருக்குப் போனாள். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை; போனதெல்லாம் போகட்டும், மிஞ்சியது மிஞ்சட்டும் என்று வேலிக்கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனாள். பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளில் தெருவில் இருந்த குரோட்டன்ஸ் கருகியது, பல் டாக்டர் வீட்டுப் புல்தரை சுருண்டது, குழாய்களில் காற்று மட்டும் வந்தது. கண்மேல் கட்டிய பச்சைத் துணியோடு திரும்பி வந்த செடிக்காரம்மா கயிற்றை அவிழ்த்தாள். கயிறு அவள் போட்ட முடிச்சில் இல்லை. நாற்பத்திரண்டு தொட்டிகளும் அவள் விட்டுப் போனதைவிடச் செழித்திருந்தன. புதினா மண் நன்றாக நனைந்திருந்தது. ரோஸ்மேரித் தொட்டிகளில் மட்டும் விரலை விட்டுப் பார்த்தாள். மேல் மண் உலர்ந்து, ஒரு விரற்கடை கீழே லேசான ஈரம் இருந்தது. அதற்கு வேண்டிய அளவு அவ்வளவுதான். இலைகளின்மேல் சின்னச் சின்னப் புள்ளியாக நீர்த்தடம், ஓட்டை போட்ட மூடி வழியாகத் தெளித்ததுபோல.

தலைக்குமேல் செடி வளர்ந்த மனிதரோடு வாழ்ந்து பழகிய தெரு இதற்கு அதிகம் யோசிக்கவில்லை. அந்த ஒரு முற்றத்தில் மட்டும் பதினொரு நாளும் விடியற்காலையில் தூறல் விழுந்ததாக முடிவு செய்தார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீயும் கேள்விப்பட்டாயா, அந்த இடத்தில் மட்டும் மழையாம் என்று பால்பூத் அக்கா வந்து கேட்டபோது, இஸ்திரிக்காரம்மா முந்தானை ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பெஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை மேஜைமேல் விரித்தாள்.